சிறிய இரைப்பையும் மெல்ல உண்ணும் கலையும்

"நொறுங்கத் தின்றால் நூறு வயது" என்பது பழமொழி. இதனைச் சொல்லாத பாட்டியும் இல்லை. கேட்டு நடக்கும் பேரனும் அதிகம் இல்லை. பேருந்தைப் பிடிக்க வேண்டும், மணியடிப்பதற்குள் வகுப்பை அடைய வேண்டும் என்று சோற்றை அள்ளி விழுங்கிவிட்டு ஓடுவோரே நம்மில் மிகுதி. அவ்வாறு உண்டாலும் பெரும்பாலும் உடனடித் தொல்லை எதுவும் நேர்வதில்லை. இது நம் சாமர்த்தியத்தால் அன்று. நம் இரைப்பையின் பொறுமையால்!

அந்தப் பொறுமைமிக்க இரைப்பையை அறுத்துச் சிறிதாக்கிவிட்டால் என்ன ஆகும்? உடற்பருமன் அளவு கடந்து, அதன் விளைவாக நீரிழிவு, மிகை இரத்த அழுத்தம், மூட்டுவலி போன்றவற்றால் வருந்துவோர்க்கு இன்று உலகின் பல நாடுகளில் இத்தகைய அறுவைச் சிகிச்சை செய்யப்படுகிறது. அறுவை சில மணி நேரத்தில் முடிந்துவிடும். ஆனால் நோயாளியின் வேலை அதன்பிறகே தொடங்குகிறது. பல ஆண்டுகளாக உண்டுவந்த முறையை விட்டுவிட்டு, அவர் குழந்தையைப் போல் மீண்டும் உண்ணக் கற்க வேண்டும். சிறு கவளம்; நன்றாக மெல்லுதல்; விழுங்கியபின் காத்திருத்தல். இவ்வளவுதான் பாடம். ஆனால் இச்சிறு பாடத்தை மருத்துவ உலகமே எளிதில் கற்றுவிடவில்லை. அது கற்ற வரலாற்றையும், அதில் அடங்கியுள்ள சிறிதளவு இயற்பியலையும் இங்குக் காண்போம்.

களஞ்சியமும் ஆட்டுக்கல்லும்

உணவில்லாதபோது நம் இரைப்பையின் உட்கொள்ளளவு ஏறத்தாழ 50 முதல் 75 மில்லிலிட்டர்தான். உணவு வரவர அது இடங்கொடுத்து விரிந்து, ஒரு லிட்டருக்கு மேலும் ஏற்றுக்கொள்கிறது. இவ்வளவு விரிந்தும் அதனுள் அழுத்தம் பெரிதாக உயர்வதில்லை என்பதே வியப்பு. ரப்பர்ப் பையை நாம் காற்றால் வலிந்து விரிக்கிறோம். இரைப்பையோ அவ்வாறு வலிந்து நீட்டப்படுவதில்லை. உணவு தொண்டையைக் கடக்கும்போதே நரம்புகள் செய்தி அனுப்ப, இரைப்பையின் மேற்பகுதித் தசைகள் தாமே தளர்ந்து வழிவிடுகின்றன. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் உடலியல் அறிஞர் வால்ட்டர் கேனன், லீப் என்பவருடன் சேர்ந்து 1911-ஆம் ஆண்டில் இந்நிகழ்ச்சியை விளக்கினார். 'ஏற்புத் தளர்ச்சி' என்று இதனைக் கூறலாம்.

இதே கேனன்தான் இரைப்பையின் அசைவுகளை எக்ஸ்-கதிர்களின் துணைகொண்டு முதன்முதலில் முறையாக ஆராய்ந்தவர். ராண்ட்ஜென் 1895-இல் அக்கதிர்களைக் கண்டறிந்தார். அடுத்த ஆண்டிலேயே, மருத்துவ மாணவராக இருந்த கேனன் தம் ஆராய்ச்சியைத் தொடங்கிவிட்டார். பிஸ்மத் உப்புக் கலந்த உணவைப் பூனைக்குக் கொடுத்து, அதன் இரைப்பை அசைவதைத் திரையில் கண்டார். முடிவுகளை 1898-இல் வெளியிட்டார். இரைப்பையின் கீழ்ப்பகுதியில் அலையலையாகச் சுருக்கங்கள் தோன்றி உணவைப் பிசைவதை அவர் கண்டார். பூனை கலவரமடைந்தால் அவ்வசைவு நின்றுவிடுவதையும் கண்டார்.

ஆக, இரைப்பையில் இரண்டு கருவிகள் உள்ளன. மேற்பகுதி ஒரு களஞ்சியம். வந்ததைச் சேர்த்து வைக்கிறது. கீழ்ப்பகுதி ஓர் ஆட்டுக்கல். திட உணவை ஒன்றிரண்டு மில்லிமீட்டர் அளவுள்ள துணுக்குகளாகும்வரை அரைத்து, பிறகே சிறுகுடலுக்கு அனுப்புகிறது. பற்கள் செய்யாமல் விட்ட வேலையை இந்த ஆட்டுக்கல் செய்து முடிக்கிறது. அவசரமாக உண்பவர்கள் தப்பித்துக்கொள்வது இதனால்தான்.

துண்டு சிறிதானால் பயன் என்ன என்பதையும் அறிவியல் முன்பே கண்டிருந்தது. 1822-இல் அமெரிக்காவின் மேக்கினா தீவில் அலெக்சிஸ் செயின்ட் மார்ட்டின் என்ற தொழிலாளிக்குத் தற்செயலாகத் துப்பாக்கிக் குண்டு பாய்ந்தது. புண் ஆறியபின்னும் இரைப்பையில் ஒரு துளை மூடாமலே நின்றுவிட்டது. அவருக்கு மருத்துவம் செய்த இராணுவ மருத்துவர் வில்லியம் போமான்ட், உணவுத் துண்டுகளைப் பட்டு நூலில் கட்டி அத்துளை வழியே இறக்கி, அவை செரிக்கும் நேரத்தைக் கணக்கிட்டார். உணவு எவ்வளவு நுண்ணியதாகப் பகுக்கப்படுகிறதோ அவ்வளவு எளிதில் செரிக்கிறது என்பது 1833-இல் அவர் வெளியிட்ட முடிவுகளுள் ஒன்று.

இதன் காரணத்தைப் பள்ளி மாணவரும் கணக்கிட்டுப் பார்க்கலாம். ஒரு சென்டிமீட்டர் பக்கமுள்ள கனசதுரத் துண்டின் மேற்பரப்பு 6 சதுர சென்டிமீட்டர். அதனை ஒரு மில்லிமீட்டர் பக்கமுள்ள துணுக்குகளாக நறுக்கினால் 1000 துணுக்குகள் கிடைக்கும். அவற்றின் மொத்த மேற்பரப்பு 60 சதுர சென்டிமீட்டர். உணவு அதே உணவுதான். ஆனால் செரிமான நீர் படுகின்ற பரப்போ பத்து மடங்காகிவிடுகிறது.

மெல்லுவதையே மதமாக்கியவர்

மெல்லுதலின் பெருமையை உலகறியப் பரப்பியவர் மருத்துவர் அல்லர். ஹொரேஸ் பிளெட்சர் என்ற அமெரிக்க வணிகர். உடல் பருத்திருந்த காரணத்தால் ஆயுள் காப்பீடு மறுக்கப்பட்ட அவர், ஒவ்வொரு கவளத்தையும் சுவை தீரும்வரை, கூழாகித் தானே தொண்டையில் இறங்கும்வரை மெல்லுவது என்று உறுதிபூண்டார். எடையும் குறைந்தது. இந்நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் 'பிளெட்சர் முறை' அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் பெருவழக்காயிற்று. யேல் பல்கலைக்கழகப் பேராசிரியர் சிட்டெண்டன் அவரைத் தம் ஆய்வுக்கூடத்திற்கே அழைத்துச் சோதித்தார்.

பிளெட்சர் கூறிய பலன்களில் பல மிகைப்படுத்தப்பட்டவை. மெல்லுதல் எல்லா நோய்க்கும் மருந்தாகிவிடாது. 1919-இல் அவர் மறைந்தபின் அவ்வியக்கமும் மங்கியது. மெல்ல உண்பது ஒரு விந்தைப் பழக்கம் என்றே பலர் அதனை ஒதுக்கிவிட்டனர். ஆனால் அதே பழக்கம், வேறொரு வாயில் வழியாக மருத்துவமனைக்குள் நுழைந்துகொண்டிருந்தது.

இரைப்பை குறைந்தவர்கள் கற்பித்த பாடம்

1881-ஆம் ஆண்டு ஜனவரி 29-ஆம் நாள் வியன்னா நகரில் தியோடர் பில்ராத் என்ற புகழ்பெற்ற அறுவை மருத்துவர், புற்றுநோய் கண்ட ஒரு பெண்ணின் இரைப்பையில் ஒரு பகுதியை வெட்டி நீக்கி, எஞ்சியதைச் சிறுகுடலுடன் இணைத்தார். நோயாளி பிழைத்தார். இரைப்பையைக் குறைத்தாலும் மனிதர் வாழலாம் என்பது அன்று உறுதியாயிற்று. பின்னர் இம்முறை குடற்புண்ணுக்கும் பயன்பட்டது. இவ்வாறு 20-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில், சிறிய இரைப்பையுடன் வாழும் மக்கள் ஆயிரக்கணக்கில் பெருகினர்.

அவர்களிடம் ஒரு புதுத் தொல்லை காணப்பட்டது. உண்ட சிறிது நேரத்தில் நெஞ்சு படபடக்கும், வியர்த்துக் கொட்டும், தலை சுற்றும், படுத்தால்தான் ஆறுதல். 1913-இல் ஆர்தர் ஹெர்ட்ஸ் என்ற ஆங்கில மருத்துவர் இதனை விவரித்தார். 1922-இல் அமெரிக்க மருத்துவர் மிக்ஸ் இதற்கு, மொத்தமாகக் கொட்டுதல் என்ற பொருளில் 'டம்பிங்' என்று பெயரிட்டார். வண்டியிலிருந்து மணலைக் கொட்டுவது போல, சிறிய இரைப்பை உணவைச் சிறுகுடலில் மொத்தமாகக் கொட்டிவிடுகிறது. சர்க்கரை மிகுந்த அடர்கரைசல் திடீரெனக் குடலில் சேர்ந்தால், சவ்வூடு பரவல் காரணமாக உடலின் நீர் குடலுக்குள் பாய்கிறது. இரத்தத்தின் கன அளவு குறைந்து, இதயம் விரைந்து துடிக்கிறது.

இதற்கு மருந்தினும் பயன்பட்டது உணவுமுறைதான். ஒரே வேளையில் நிறைய உண்ணாமல் பலமுறை சிறிது சிறிதாக உண்ணுங்கள், இனிப்பைக் குறையுங்கள், உணவோடு நீரை மிகுதியாகப் பருகாதீர்கள் என்றனர் மருத்துவர்கள். அறுவைக்குப் பின் நிதானமாக உண்ணும் முறை இவ்வாறு முதலில் ஒரு தொல்லையைத் தவிர்க்கும் உபாயமாகவே தோன்றியது.

அயோவாவில் ஒரு புதிய எண்ணம்

உடற்பருமனுக்கென்றே செய்யப்பட்ட முதல் அறுவைகள் இரைப்பையைத் தொடவில்லை. 1954-இல் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிரெமென், லின்னர் முதலியோர், சிறுகுடலின் பெரும் பகுதியை ஒதுக்கிவிட்டு உணவைக் குறுக்குவழியில் செலுத்தும் முறை பற்றி எழுதினர். இம்முறை பின்னர் பரவியது. நோயாளி தம் உண்ணும் முறையை மாற்ற வேண்டியதில்லை. உண்டதில் பெரும்பகுதி உடலில் சேராமலே வெளியேறிவிடும். கேட்க இனிமையாகத்தான் இருந்தது. ஆனால் ஓயாத பேதி, சத்துக்குறைவு, சிறுநீரகக் கல், கல்லீரல் சிதைவு ஆகியவை ஒவ்வொன்றாக வந்தன. 1980-ஐ ஒட்டி மருத்துவர்கள் அம்முறையைக் கைவிட்டனர். உண்ணும் முறையை மாற்றாமலே உடலை ஏமாற்றிவிடலாம் என்ற எண்ணத்திற்கு நோயாளிகள் கொடுத்த விலை பெரிது.

அயோவா பல்கலைக்கழகத்தின் எட்வர்ட் மேசன் வேறு வழியில் சிந்தித்தார். குடற்புண்ணுக்காக இரைப்பையில் பெரும்பகுதி நீக்கப்பட்ட பெண்கள் மெலிந்தே இருப்பதையும், எடை கூட்ட முயன்றாலும் இயலாமல் போவதையும் அவர் கவனித்திருந்தார். ஒரு தொல்லையாகக் கருதப்பட்டதே பருத்தவர்க்கு மருந்தாகலாம் அல்லவா? 1966-இல் அவர் இரைப்பையின் மேற்பகுதியை மட்டும் ஒரு சிறு பையாகப் பிரித்து, அதனை நேரே சிறுகுடலுடன் இணைத்தார். இரைப்பை பைபாஸ் என்று இன்று வழங்கும் அறுவையின் தொடக்கம் இதுவே. அடுத்த ஆண்டில் இட்டோ என்பவருடன் சேர்ந்து அவர் இதனை வெளியிட்டார். நூறு வயது கண்டு 2020-இல் மறைந்த மேசன், பருமன் அறுவை மருத்துவத்தின் தந்தை எனப் போற்றப்படுகிறார்.

முதலில் அவர் அமைத்த பை 100 மில்லிலிட்டருக்கும் மேற்பட்டது. நாளடைவில் அப்பை விரிந்துவிட்டது. எடை இழப்பும் குறைந்தது. எனவே பையைச் சிறிதாக்கிக்கொண்டே வந்தனர். சிறிய பை ஏன் எளிதில் விரிவதில்லை? பிரெஞ்சு அறிஞர் லாப்லாஸ் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே தந்துவிட்டுப் போன விதி இதற்கு விடை கூறுகிறது. மெல்லிய சுவருடைய கோளத்தின் சுவரிலுள்ள இழுவிசை, உள்ளழுத்தத்தையும் ஆரத்தையும் பெருக்கிப் பாதியாக்கினால் கிடைப்பது. 30 மில்லிலிட்டர் கொள்ளும் கோளத்தையும் 240 மில்லிலிட்டர் கொள்ளும் கோளத்தையும் ஒப்பிடுங்கள். கன அளவு எட்டு மடங்கு. ஆரம் இரு மடங்கு. ஆகவே அழுத்தம் ஒன்றாயிருந்தாலும் பெரிய பையின் சுவர் இரு மடங்கு விசையுடன் இழுக்கப்படுகிறது. பலூனை ஊதும்போது தொடக்கத்தில் கடினமாகவும், சற்றுப் பெருத்தபின் எளிதாகவும் இருப்பதை நாம் அறிவோம். பெருத்தது மேலும் பெருக்கும்.

1980-இல் மேசன் மற்றொரு முறையை வகுத்தார். இரைப்பையின் மேற்பகுதியில் செங்குத்தாக ஒரு சிறு பையைத் தையலூசிகளால் பிரித்து, அதன் வாயிலைச் சுற்றி 5 சென்டிமீட்டர் சுற்றளவுள்ள பிளாஸ்டிக் வலைப்பட்டை ஒன்றைக் கட்டினார். பையின் அளவை அவர் கண்மதிப்பாக விடவில்லை. 70 சென்டிமீட்டர் உயர நீர்த்தம்பத்தின் அழுத்தத்தில் உப்புநீரை நிரப்பி, 50 மில்லிலிட்டருக்கு மிகாதவாறு அளந்தார். பட்டையின் குறுக்களவு ஏறத்தாழ 16 மில்லிமீட்டர். திசுக்களின் தடிமனைக் கழித்தால் உணவு செல்லும் வழி 11 அல்லது 12 மில்லிமீட்டர்தான். சுண்டுவிரலும் எளிதில் நுழையாத வாயில் அது!

புனல் நிரம்பி வழிந்தபோது

குறுகிய வாயுள்ள புட்டியில் புனல் வைத்து எண்ணெய் ஊற்றுவதை நினைத்துப் பாருங்கள். மெல்ல ஊற்றினால் எண்ணெய் இறங்கிக்கொண்டே இருக்கும். வேகமாக ஊற்றினால் புனல் நிரம்பி மேலே வழியும். இங்கு ஊற்றும் வேகம் நம் கையில். இறங்கும் வேகம் புனலின் குழாயில். இரண்டாவதை மாற்ற இயலாதபோது முதலாவதைத்தான் குறைக்க வேண்டும்.

புதிய இரைப்பையின் நிலையும் இதுவே. 30 மில்லிலிட்டர் என்பது இரண்டு மேசைக்கரண்டி அளவு. பழைய வழக்கப்படி பெரிய கவளமாக மூன்றை அடுத்தடுத்து விழுங்கினால் பை நிறைந்துவிடும். நான்காவது கவளத்திற்கு அங்கே இடமில்லை. நெஞ்சுக்குழியில் வந்து நிற்கும். மெல்லாத இறைச்சித் துண்டோ ரொட்டித் துண்டோ ஆனால் வாயிலையே அடைத்துக்கொள்ளும். நெஞ்சு வலிக்கும், எச்சில் ஊறும், முடிவில் வாந்தி வரும். களஞ்சியம் சிறுத்துவிட்டது, பைபாஸ் செய்துகொண்டவர்க்கோ ஆட்டுக்கல்லும் உணவின் பாதையிலிருந்து விலக்கப்பட்டுவிட்டது. இனி அரைக்கும் வேலை முழுவதும் பற்களுடையதே.

வாந்தி சிறு தொல்லையன்று. அது வாரக்கணக்கில் நீடித்தால் தயமின் என்னும் வைட்டமின் பி-1 உடலில் தீர்ந்துவிடும். நம் உடலில் அதன் சேமிப்பு இரண்டு மூன்று வாரங்களுக்கே போதுமானது. அது தீர்ந்தால் பார்வை இரட்டிக்கும், நடை தள்ளாடும், நினைவு குழம்பும். உடனே ஊசிவழி தயமின் செலுத்தாவிட்டால் மூளைக்கு நிலையான கேடு விளையலாம். எடை குறைய வேண்டும் என்று வந்தவர் நினைவாற்றலை இழந்து நிற்பது எத்தகைய கொடுமை!

வேறு சிலர் வாந்திக்கு அஞ்சி எளிய வழியொன்றைக் கண்டனர். மெல்லத் தேவையில்லாத ஐஸ்கிரீம், சாக்லேட், இனிப்புப் பானங்கள் ஆகியவற்றிற்கு மாறினர். இவை குறுகிய வாயிலில் தடையின்றி வழுக்கிச் செல்லும், கலோரியோ ஏராளம். எடை மீண்டும் ஏறியது. 1987-இல் அமெரிக்காவின் வர்ஜீனியாவில் ஷுகர்மேன் குழுவினர் இரு அறுவை முறைகளையும் ஒப்பிட்டு, இனிப்பை விரும்பி உண்பவர்கள் பட்டை கட்டும் முறையில் குறைந்த பயனே அடைகின்றனர் என்று காட்டினர். வாயிலைக் குறுக்குவது மட்டும் போதாது என்பது தெளிவாயிற்று.

கரண்டியைக் கீழே வையுங்கள்

"மெல்ல உண்ணுங்கள்" என்று சொல்லி அனுப்பிவிடுவது எளிது. சொன்னவுடன் மாறிவிடக்கூடியதா பழக்கம்? உண்ணும் வேகம் நடையைப் போன்றது, நினைக்காமலே நடப்பது. அதனை மாற்றும் வழியை உளவியலார் தனியே ஆராய்ந்துகொண்டிருந்தனர்.

1962-இல் பெர்ஸ்டர் என்பவரும் அவர்தம் துணைவரும், உண்ணுதல் என்பது ஒழுக்கக் குறைவோ மனவலிமைக் குறைவோ அன்று, கற்றுக்கொண்ட ஒரு பழக்கம், அதனை வேறுவிதமாகவும் கற்பிக்கலாம் என்று எழுதினர். 1967-இல் ரிச்சர்ட் ஸ்டூவர்ட் இதனைச் செயலாக்கினார். ஒரு சிறு கவளத்தை வாயிலிட்டதும் கரண்டியைக் கீழே வைத்துவிட வேண்டும். விழுங்கும்வரை அதனைத் தொடக்கூடாது. உண்ணும்போது படிப்பதோ தொலைக்காட்சி பார்ப்பதோ கூடாது. பயிற்சியை நிறைவு செய்த 8 பெண்களும் ஓராண்டில் 26 முதல் 47 பவுண்டு வரை எடை குறைந்தனர். பின்வந்த ஆய்வுகளில் இவ்வளவு பெரிய இழப்பு கிட்டவில்லை. ஆயினும் கருத்து நிலைத்தது. மனவுறுதியை நம்புவதை விட, கைக்கு ஒரு பழக்கத்தைக் கொடுப்பது மேல்.

அறுவை மருத்துவமும் உளவியலும் நாளடைவில் ஒன்று சேர்ந்தன. 1991-இல் அமெரிக்க தேசிய நலவாழ்வு நிறுவனம் கூட்டிய அறிஞர் அவை, இச்சிகிச்சைக்கு உரியவரை அறுவை மருத்துவர் மட்டும் தேர்ந்தால் போதாது, உணவியல், உளவியல் வல்லுநரும் சேர்ந்து ஆராய வேண்டும், வாழ்நாள் முழுவதும் கவனிப்பு வேண்டும் என்று அறிவித்தது.

தடுப்பதா, தெரிவிப்பதா?

இதற்கிடையே அறுவை முறைகளும் மாறின. 1986-இல் நியூஜெர்சியைச் சேர்ந்த குஸ்மாக், உப்புநீரைச் செலுத்தி இறுக்கவும் தளர்த்தவும் கூடிய சிலிக்கோன் பட்டையை அறிமுகப்படுத்தினார். 1993-இல் பெல்ஜியத்தில் பெலச்சேவ், வயிற்றைப் பெரிதாகக் கீறாமல் சிறு துளைகள் வழியே இப்பட்டையைப் பொருத்தினார்.

இப்பட்டை உணவைத் தடுத்து நிறுத்தும் அணை என்றே நெடுங்காலம் எண்ணினர். மெல்போர்ன் நகரின் மோனாஷ் பல்கலைக்கழகத்தில் பால் பர்ட்டன் முதலியோர் உணவுக்குழலுள் அழுத்தமானிகளை இறக்கி அளந்தபோது வேறு காட்சி தெரிந்தது. சரியாகப் பொருத்திய பட்டையின் இடத்தில் அழுத்தம் 25 முதல் 30 மில்லிமீட்டர் பாதரச அளவு. உணவுக்குழலின் அலை இத்தடையை வென்று உணவைத் தள்ள வேண்டும். அது ஒரே அலையில் முடிவதில்லை. சிறு கவளமும் பகுதி பகுதியாக, அலைமேல் அலை வந்த பிறகே முற்றும் கடக்கிறது. ஒவ்வொரு முறை கடக்கும்போதும் இரைப்பையின் தலைப்பகுதி நரம்புகள் தூண்டப்பட்டு, வயிறு நிறைந்த உணர்வு பிறக்கிறது. அதாவது, பட்டை தடுக்கும் கருவி மட்டும் அன்று. மூளைக்குத் தெரிவிக்கும் கருவியும் ஆகும். முதல் கவளம் கடக்குமுன் இரண்டாவதை அனுப்பினால் செய்தி வருவதில்லை, வலிதான் வருகிறது. கவளத்திற்கும் கவளத்திற்கும் ஒரு நிமிட இடைவெளி என்ற அறிவுரை இங்குப் பொருள் பெறுகிறது.

ஹார்மோன் ஆராய்ச்சியும் இதே திசையில் சென்றது. 1999-இல் ஜப்பானியர் கோஜிமா, கங்காவா ஆகியோர், பெரும்பாலும் இரைப்பையில் சுரந்து பசியைத் தூண்டும் கிரெலின் என்னும் ஹார்மோனைக் கண்டுபிடித்தனர். 2002-இல் கம்மிங்ஸ் குழுவினர், பைபாஸ் செய்துகொண்டவர்களிடம் அது மிகக் குறைந்திருப்பதைக் கண்டனர். ஜி.எல்.பி.-1, பி.ஒய்.ஒய். போன்ற குடல் ஹார்மோன்கள் அவர்களிடம் உணவுக்குப்பின் மிகுதியாகச் சுரப்பதும் தெரியவந்தது. "போதும்" என்று மூளைக்குச் சொல்பவை இவையே.

உண்ணும் வேகத்திற்கும் இவற்றிற்கும் தொடர்பு உண்டா? 2010-இல் ஏதென்ஸ் நகர ஆய்வாளர் கொக்கினோஸும் பிறரும் நலமுள்ள 17 ஆடவர்க்கு 300 மில்லிலிட்டர் ஐஸ்கிரீம் கொடுத்தனர். ஒருநாள் 5 நிமிடத்தில் உண்ண வேண்டும். மற்றொரு நாள் 30 நிமிடத்தில். மெல்ல உண்ட நாளில் அவ்விரு ஹார்மோன்களும் மிகுதியாகச் சுரந்தன. பொருளும் அளவும் ஒன்றே. நேரம் மட்டுமே வேறு.

இன்று உலகில் மிகுதியாகச் செய்யப்படுவது, இரைப்பையின் முக்கால் பங்கை நீக்கி எஞ்சியதை நீண்ட குழல்போல் அமைக்கும் முறை. இதில் ஆட்டுக்கல்லின் பெரும்பகுதி தப்பிவிடுகிறது. ஆனால் தளர்ந்து இடங்கொடுக்கும் களஞ்சியம் போய்விடுகிறது. ஆகவே சிறிதளவு உணவு மிகுந்தாலும் உள்ளழுத்தம் விரைவில் உயர்கிறது. முறை எதுவாயினும் பாடம் மாறவில்லை.

எவ்வாறு கற்கிறார்கள்?

அறுவைக்குப் பின் முதல் நாட்களில் நீர்ம உணவு, பிறகு கூழ், பிறகு குழைந்த உணவு, சில வாரங்கள் சென்றபின் திட உணவு. இந்த வரிசை தையல் ஆறுவதற்கு மட்டுமன்று, பழகுவதற்கும்தான். சிறிய தட்டு, தேக்கரண்டி. கையால் உண்பவர்க்குச் சுண்டைக்காயளவு கவளம். கூழாகும்வரை மெல்லுதல். ஒரு வேளை உணவுக்கு 20 முதல் 30 நிமிடம். முதலில் பருப்பு, முட்டை, மீன் போன்ற புரத உணவு. தண்ணீரை உணவோடு சேர்க்காமல் தனியே பருகுதல். எல்லாவற்றிற்கும் மேலாக, வயிறு "போதும்" என்றதும் நிறுத்துதல். சிலருக்கு அச்செய்தி நெஞ்சில் மெல்லிய அழுத்தமாகவும், சிலருக்கு விக்கலாகவும் வருகிறது. அதற்குமேல் ஒரு வாய் உண்டாலும் தொல்லைதான்.

இதனைக் கற்பவர்கள் பலமுறை தவறுகிறார்கள். விருந்தில் பேச்சு சுவாரசியத்தில் கவளம் பெரிதாகிவிடும். பசி மிகுந்த நாளில் கை விரைந்துவிடும். அப்போது, "இவ்வளவு செலவு செய்து அறுவை செய்தும் வாயைக் கட்டத் தெரியவில்லையே" என்று வீட்டார் கூறுவதுண்டு. அது அறியாமை. வலக்கையால் எழுதிவந்தவரை இடக்கையால் எழுதச் சொன்னால் எத்தனை நாள் எழுத்துக் கோணும்? அதற்காக அவரை யாரும் சோம்பேறி என்பதில்லை. அறுவை மருத்துவர் இரைப்பையைத்தான் மாற்றுகிறார். கையின் பழக்கத்தையும் வாயின் வேகத்தையும் அவர் மாற்றுவதில்லை. அவை நாள்தோறும் மூன்று வேளையும் பழகிப் பழகியே மாற வேண்டியவை. அந்த நேரத்தில் உடனிருப்போர் செய்யக்கூடிய பேருதவி ஒன்றுண்டு. இலையில் மேலும் பரிமாறாமல், எழச் சொல்லி அவசரப்படுத்தாமல், தாமும் அவரோடு மெல்ல உண்பதே அது.